பிலோமினா அக்காவின் ஜெபம்

இன்று காலை குனோங் ராபாட்டில் ஒரு தேவாலய மண்டபத்தில் இலவச இரத்த அழுத்தச் சோதனை. முருக பக்தனான என்னை மனைவி இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே நர்ஸாக உட்கார்ந்திருந்தவர் பிலோமினா அக்கா! சின்ன வயதில் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கிளினிக்கில் வயிற்றுப்பூச்சி மருந்தை வாயில் ஊற்றிவிட்டு, விழுங்கினோமா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு சர்ச் சார்பில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிறாராம்.

அழுத்தம் 170.

"மருந்து ஒழுங்கா சாப்பிடுறியா, தம்பி?"

"தினமும் சாப்பிடுறேன்கா." பக்கத்தில் மனைவி நிற்கிறாளே! இரண்டு மாதமாக மாத்திரைகளைச் சாப்பிடுவது எங்கள் வீட்டுப் பூந்தொட்டி.

"ஜெபம் பண்ணட்டுமா? ஒன் சாமி கோவிச்சுக்காது லா."

கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, இவன் அப்பவே மருந்தைக் கன்னத்துல ஒளிச்சவன். இப்பவும் பொய் சொல்றான். பொண்டாட்டி முகத்துக்காகவாவது மாத்திரைய முழுங்க வையும்."

சஷ்டி விரதம் தவறாத என் மனைவி, மண்டபமே திரும்பிப் பார்க்க "ஆமென்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை நீட்டினாள். விழுங்கினேன்.

"எங்க, வாயத் தொறங்க பாப்போம்."

ரப்பரை அழித்துத் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனை நட்டுவிட்டார்கள், கிளினிக்கும் இல்லை. ஐம்பத்து மூன்று வயதில் நான் மட்டும் மறுபடி வாயைத் திறந்து நிற்கிறேன். அன்று மருந்தைக் கன்னத்தில் ஒளித்த மற்ற யோக்கியர்கள் கீழே கமெண்டில் கை தூக்கலாம்.