பளிங்குக் கன்னமும் என்ரை கையும்

இண்டைக்கு ரோமர் காலத்துச் சிலையள் பாக்க மியூசியத்துக்குப் போனனான். கூட வந்தது வேலையிடத்துப் பிள்ளை கவிதா. கோயம்புத்தூரிலையிருந்து ஒஸ்லோவுக்கு வந்து மூண்டு மாதம்தான்.

ஒரு பளிங்குத் தலைக்கு முன்னாலை நிண்டனாங்கள். நடுவயசு மனிசி. நெற்றியிலை கோடு, களைச்ச முகம். வேலை முடிஞ்சு ட்ரெயினிலை இருக்கிற ஆக்கள் மாதிரி. என்ன நினைச்சனோ தெரியாது, கையை நீட்டி அவவின்ரை கன்னத்தைத் தொட்டிட்டன்.

அலாரம் கத்தத் தொடங்கிச்சுது.

காவலுக்கு நிண்ட பெட்டை ஓடிவந்து, நேரை கவிதாவை நோர்வே மொழியிலை ஏசினா. கவிதாவுக்கு ஒண்டும் விளங்கேல்லை. "சாரி, சாரி" எண்டு ரெண்டு கையையும் பின்னாலை கட்டிக்கொண்டு நிண்டா.

நாங்கள் கதைச்சது முதலே அந்தப் பெட்டைக்குக் கேட்டிருக்கும் போலை. என்ரை பக்கம் திரும்பி, எங்கட யாழ்ப்பாணத் தமிழிலை சொன்னா:

"இந்தியாவிலையிருந்து வாறவை இப்பிடித்தான் அக்கா. எல்லாத்தையும் தொட்டுப் பாப்பினம்."

இது கவிதாவுக்கு நல்லா விளங்கியிருக்கும்.

"நான்தான் தொட்டனான்" எண்டு ரெண்டு சொல். அது வாயிலை வரேல்லை. சிரிச்சுத் தலையாட்டினன்.

வீட்டை திரும்ப, புருசெத் பக்கம் போற ட்ரெயினிலை ஏறினனாங்கள். தான் இறங்க எழும்பேக்கை கவிதா கேட்டா:

"அக்கா, அந்தக் கல்லு ரொம்ப சில்லுன்னு இருந்துச்சா?"

"ஓம்" எண்டன். மிச்சத்தைச் சொல்ல முதல் கதவு மூடிட்டுது.

நாளைக்கு எனக்கு எதிர் மேசையிலைதான் அவ இருப்பா. கோப்பியோடை தொடங்கட்டோ, நேரை மன்னிப்போடை தொடங்கட்டோ? சொல்லுங்கோ. என்னை ஏசுறதெண்டாலும் ஏசுங்கோ, இந்த முறை ஆள் மாறாது.