மெட்ராஸ் ரோட்டுக்குள் போன கல்

எழுதிப் பழகாத கை இது. நாலாம் வகுப்போடு நின்றவள். மறதியும் உண்டு, நடந்தது முன்னே பின்னே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் ஆலங்காயத்தில் என் மகள் வீட்டுத் தெருவுக்குத் தார் போட்டார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்ள, நான் மட்டும் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு மோந்துகொண்டிருந்தேன்.

கல்யாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் மலை ஊரிலிருந்து இறங்கி, வாணியம்பாடிப் பக்கம் மெட்ராஸ் ரோட்டை அகலப்படுத்தும் வேலைக்குப் போனோம். நான் ஜல்லி உடைத்தேன். அவர் புளி லாரியில் மூட்டை இறக்கும் ஆளாக மெட்ராஸ் கிளம்பினார். "மூணு நாள்ல வந்துர்றேன்மே" என்றார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். மலையை விட்டுப் போகிறவர் பேருக்கு வழியோரம் ஒரு கல் வைப்போம். திரும்பி வந்து அவரே அதை எடுத்துப் போட்டால்தான் முழுசாக வந்த மாதிரி. வேறு யாரும் தொடக்கூடாது. நானும் வைத்தேன், ஜல்லிக் குவியலை ஒட்டி, மைல் கல்லடியில். ரோடு போடுகிற இடத்தில் கல் வைத்த புத்திசாலி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எட்டு நாளாகியும் ஆள் வரவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் பார்த்தால் கல்லையும் காணோம். குவியலோடு அள்ளி ரோட்டில் பரப்பிவிட்டார்கள். ரோலர் வந்துகொண்டிருந்தது. வெளி ஆம்பளையிடம் அதுவரை வாய் திறக்காத நான் ஓடிப்போய் அதன் முன்னால் நின்றேன்.

"பாய், நிறுத்துங்க! எங்க வூட்டுக்காரு கல்லு உள்ள கீது!"

"இன்னாம்மா இது, ரோடு பூரா கல்லுதான். இதுல உன் வூட்டுக்காரு எது?" என்றார் ரோலர் ஓட்டும் பாய்.

கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை. அதைப் பார்த்ததும் பாய் இறங்கி வந்து, குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். "இதுவா? இதுவா?" எல்லாமே அதுபோலத்தான் இருந்தது. மேஸ்திரி கத்தத் தொடங்கியதும் எழுந்தார். "ரோடு எங்கியும் ஓடிப்போவாதும்மா."

அன்று சாயங்காலமே அவர் வந்துவிட்டார். பூந்தமல்லியில் லாரி அச்சு முறிந்து, புளிக்குக் காவல் இருந்தாராம். "நம்ம ரோடு, கல்கத்தா ரோடு, திருச்சி ரோடு, எல்லாம் மெட்ராஸுக்குத்தான் போவுதுமே. அதுக்கு அந்தாண்ட கடலு. ரோடே இல்ல" என்றார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. கல் விஷயத்தைச் சொன்னேன். ஓடிப்போய், மத்தியானம் ஊற்றி இன்னும் ஆறாத தாரில் கால் வைத்துக் குதித்தார்.

"எடுக்க முடியாதுமே. எல்லா லாரியும் என் மேல ஏறிட்டுப் போவட்டும்!"

மாமியாரிடம் எடுத்தாயிற்று என்று பொய் சொன்னோம். வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்தான் நினைவுக்கு வரும். பஸ்ஸில் அந்த இடத்தைக் கடக்கும்போது, "ஐயோ, முதுகு வலிக்குதே" என்று என்னைச் சீண்டுவார். நாற்பது வருஷத்துக்கு மேல் நன்றாகத்தான் இருந்தார்.

அவர் போன பிறகுதான் நாலு வழிச் சாலை வந்தது. மைல் கல்லைப் பிடுங்கினார்கள். பழைய ரோட்டைப் பெயர்த்து லாரி லாரியாக எடுத்துப் போனார்கள். இப்போது பஸ் அந்த இடத்தைக் கடக்கிறதா என்றே எனக்குத் தெரிவதில்லை. அது வாணியம்பாடிக்குக் கிழக்கா, மேற்கா என்பதுகூடத் தடுமாறுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்து, பெயர்த்த ஜல்லியை எங்கே கொட்டினார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். நான் போய் ஒரு கல்லையாவது எடுத்துப் போட்டுவிடுகிறேன். வேறு யாரும் தொடக்கூடாதுதான். நான் வேறு யாரா?