இருட்டில் வாசித்த பெயர்கள்

அந்தத் துண்டுப் பிரசுரத்தை இன்னமும் வைத்திருக்கிறேன். சட்டமன்றத் தேர்தலுக்கு முந்திய வாரம் மலாக்கா கடைத்தெருவெங்கும் அதை விநியோகித்தார்கள். மேலே எங்கள் வேட்பாளரின் படம். கீழே பழைய வருகைப் பதிவேட்டின் ஒரு பக்கம். ஆண்டு 2603 என்று ஜப்பானியர் கணக்கில் இருக்கும், அதாவது 1943. "ஒரு மாதத்தில் ஓர் ஆள்கூட ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இருந்ததில்லை. எப்படி அடித்து விரட்டியிருப்பார்! இவரா தொழிலாளர் தலைவர்?" என்று தடித்த எழுத்தில் கேட்டிருந்தார்கள்.

பக்கம் உண்மையானது. அதிலுள்ள குறிகளைப் போட்டவன் நான். அவற்றில் பல பொய்க்குறிகள்.

அவர் சாலை வேலைக்காரராகத் தொடங்கியவர். போருக்கு முன் சாலைத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். மழையில் நின்று தார் ஊற்றுகிறவனுக்கு மழைச்சட்டை கொடு என்று வேலைநிறுத்தம் நடத்தி, அதை வாங்கியும் தந்தவர். ஜப்பானியர் வந்ததும் சங்கம் போயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் காஜா பேராங் லயத்து ஆட்களை மேய்க்கும் மேஸ்திரியாக, மண்டோராக, அவரையே ஆக்கினார்கள். மறுக்கிற காலமா அது?

"யூனியன்காரரு மண்டோராயிட்டாரு. இனிமே கைகட்டித்தான் பேசணும்போல" என்றான் ஒருவன், அவர் காதில் விழும்படி.

"கைகட்ட வேணாம்டா, இடுப்பு வரைக்கும் குனி. அதான இப்ப சட்டம்" என்றார் அவர்.

கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு ஆறு மணிக்கு. பழைய நேரப்படி அது நாலரை, கும்மிருட்டு. மண்ணெண்ணெய் கிடையாது. மண்டோர் கையில் ஒரு தேங்காயெண்ணெய் விளக்கு. அதன் வெளிச்சத்தில் அவர் பெயர் வாசிப்பார். "இருக்கேன்" என்று குரல் வரும். கணக்கெழுதும் கிராணியான நான் பக்கத்தில் நின்று குறி போடுவேன்.

பிறகு, போனவர்களில் பாதிப்பேர் திரும்பாத சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் உத்தரவு வந்தது. அடுத்தடுத்து மூன்று நாள் பெரட்டில் குரல் கொடுக்காதவன் இங்கே வேண்டாதவன். அவன் பெயர் சயாம் பட்டியலுக்குப் போகும். எங்கள் லயத்தில் வராமல் இருந்தவர்கள் யார்? சோம்பேறிகளா? மலேரியாவில் நடுங்கிக்கொண்டு சாக்குக்குள் சுருண்டு கிடந்தவர்கள். அவர்களைத்தான் லாரியில் ஏற்றுவார்கள்.

உத்தரவு வந்த அன்றே மண்டோர் என்னிடம் வந்தார்.

"கிராணியாரே, குரலக் கேட்டுத்தான குறி போடறீங்க?"

"ஆமா."

"மூஞ்சியப் பாத்துப் போடணும்னு எழுதியிருக்கா?"

"இல்ல."

"அப்ப குரல் வரும். போட்டுக்கிட்டே இருங்க."

மறுநாளிலிருந்து காய்ச்சல்காரன் பெயருக்கும் இருட்டிலிருந்து "இருக்கேன்" வந்தது. ஒருவனே மூன்று பெயருக்குக் குரல் கொடுத்தான். ஒன்று கட்டைக் குரல், ஒன்று கீச்சுக் குரல், ஒன்று இருமலோடு. காய்ச்சல் தணிந்து திரும்பிய ஒருவன், "என் பேருக்கு ஏன்டா இப்படி இருமின? இப்ப நானும் தினமும் இருமணும்ல" என்று சண்டைக்குப் போனான். அந்தக் காலத்தில் நாங்கள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

ஒரு நாள் பாதிப் பெயர் வாசித்திருக்கையில் பூட்ஸ் சத்தம். ஜப்பானிய அதிகாரி ஒருவர் நேராக விளக்கை நோக்கி வந்து அதற்காகக் கை நீட்டினார். விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்தால் வரிசையின் ஓட்டைகள் தெரிந்திருக்கும். மண்டோர் குனிந்தார். விளக்கோடு, தரையைத் தொடுகிறமாதிரி குனிந்தார். எண்ணெய் கொட்டித் திரி அணைந்தது. பிறகு அறைகள். ஒரே கையால், இடது கன்னத்திலேயே. அதிகாரி அலுத்துப் போனதும், "மேலே படி" என்று அதட்டினார். மண்டோர் மிச்சப் பெயர்களை இருட்டில் மனப்பாடமாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் குரல் வந்தது.

அந்த இடது காது அதோடு போயிற்று.

பிரசுரத்தைப் பார்த்ததும் அவரிடம் ஓடினேன். "நான் எழுதித் தர்றேன், நான் போட்டது பொய்க்குறின்னு."

"நீங்க இன்னும் சர்க்கார் வேலைல இருக்கீங்க. ரெக்கார்ட பொய்யா எழுதினேன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, பென்ஷன் போயிடும். சும்மா இருங்க" என்றார். சும்மா இருந்தேன். இதை எழுத வைக்கும் கோபத்தில் பாதி அந்த வெட்கம்தான்.

அன்று மாலை காஜா பேராங் திடலில் கூட்டம். மேடைக்கு இடப்பக்கத்திலிருந்து ஒருவன் பிரசுரத்தை ஆட்டிக்கொண்டு கத்தினான்: "மண்டோரே! சயாமுக்கு எத்தன பேர ஏத்தி விட்டீங்க?" அவர் பேசிக்கொண்டே போனார். காதில் விழவில்லை. "பாத்தியா, வாயே தொறக்கல!" என்று சிரித்தார்கள். யாரோ ஏறி அவருடைய வலது காதில் சொன்னார்கள். அவர் திரும்பிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கத்தினவன் எங்கள் லயத்துக்காரன். இப்போது எதிர்க்கட்சிக்கு வேலை செய்கிறவன்.

 அவர் அவன் பெயரை, அப்பன் பெயரோடு சேர்த்து, பெரட்டில் வாசிக்கிற அதே தொனியில் வாசித்தார்.

 அவனுக்குப் பதிலாகத் திடலின் பின்னாலிருந்து ஒரு கிழட்டுக் குரல், "இருக்கேன்!" என்றது. தொடர்ந்து ஓர் இருமல். சாலை ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவன் பிரசுரத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

அவர் வென்றார். இரண்டு தவணை உறுப்பினராக இருந்தார். கேள்வியை இன்னொரு முறை சொல்லச் சொல்லி அவர் வலது காதைத் திருப்பும்போதெல்லாம் எதிர்வரிசையில் சிரிப்பார்கள். பத்திரிகைகளும் அதை எழுதும். அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு பத்திரிகை எழுதியது இவ்வளவுதான்: "ஜப்பானியர் காலம் குறித்த கேள்விக்கு வேட்பாளர் பதிலளிக்கவில்லை." இன்றும் யாராவது அவரைப் பற்றி எழுதினால் அந்த வரியைத்தான் எடுத்துப் போடுகிறார்கள்.

நான் இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். பென்ஷனை நிறுத்துவதானால் நிறுத்தட்டும். பிரசுரத்தில் அச்சான அதே பக்கத்தில், மேலிருந்து ஐந்தாவது பெயர் கூட்டத்தில் கத்தினவனுடையது. அதற்கு நேரே தொடர்ச்சியாகப் பதினொரு குறிகள் இருக்கின்றன, என் கையால் போட்டவை. அந்தப் பதினொரு நாளும் அவன் லயத்துக்குள் காய்ச்சலில் கிடந்தான்.