ஆறாம் தேதி வரவேண்டிய ராஜாக்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜனவரி மாதம், மதுரை தல்லாகுளத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மகனுக்குக் கல்யாணமாகி, மருமகள் எங்களோடு கொண்டாடிய முதல் கிறிஸ்துமஸ்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கோர்ட்டில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவள். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்காதவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கும் அதே சட்டம்தான். டிசம்பர் முதல் தேதி ஸ்டார் ஏறும். ஜனவரி இரண்டாம் தேதி இறங்கும். என் அம்மா மிஷன் பள்ளி டீச்சர். அரையாண்டு லீவு முடிந்து பள்ளி திறப்பதற்குள் வீடு பழையபடி ஆகிவிட வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். பள்ளிக்கூடம் போக வீட்டில் ஆளே இல்லாமல் போன பிறகும் நான் அதை மாற்றவில்லை. பொங்கல் வரை ஸ்டார் தொங்கும் வீடுகளைக் கண்டால், "சோம்பேறிங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரிப்பேன்.

மருமகள் அவனியாபுரத்துப் பெண், கத்தோலிக்கக் குடும்பம். நாங்கள் புராட்டஸ்டண்ட், எங்கள் வீட்டில் ஸ்டாரும் மரமும்தான், இயேசு பிறந்த கொட்டகையைக் காட்டும் குடில் வைத்ததில்லை. அவள் தன் வீட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி நிறைய சுரூபப் பொம்மைகளைக் கொண்டுவந்து ஹாலில் குடில் கட்டினாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த, நாங்கள் சாஸ்திரிகள் என்று சொல்லும் அந்த மூன்று ராஜாக்களையும் அவர்களுடைய ஒட்டகத்தையும் மட்டும் சமையலறை ஃப்ரிட்ஜ் மேலேயே விட்டுவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஜன்னல் ஓரத்தில் நிற்கிறார்கள். இன்னொரு நாள் தையல் மெஷின் மேல். "இம்புட்டு படிச்ச பிள்ளைக்கு ஒரு சாமானை ஒரு இடத்துல வைக்கத் தெரியலையே" என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துத் திரும்பவும் ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். மறுநாள் காலை மறுபடி தையல் மெஷினில் நின்றார்கள்.

இரண்டாம் தேதி பிள்ளைகள் வேலைக்குப் போனதும் ஸ்டாரை இறக்கினேன். குடிலைக் கலைத்து, சுரூபங்களைப் பேப்பரில் சுற்றி, பெட்டியில் அடுக்கிப் பரணில் ஏற்றிவிட்டேன். சாயங்காலம் மருமகள் வந்து வெறும் ஹாலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் எடுத்து வச்சிட்டீங்களா அத்தை?"

"ஆமாம்மா, உன் ராஜாக்களையும் மறக்காம உள்ள வச்சிட்டேன்" என்றேன் பெருமையாக.

"சரிங்கத்தை" என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை சமையலறையில் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டே ஸ்பீக்கரில் தன் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றது அவளுக்குத் தெரியாது.

"ராஜாக்க எதுவரைக்கும் வந்திருக்காக தாயி?"

"டிவி ஸ்டாண்டுகிட்ட வந்துட்டாகப்பா."

"ஆறாந்தேதி வீடியோ கால்ல காட்டிரு. இந்த வருசம் இங்க நகத்துறதுக்கு ராஜா இல்ல. நீ காட்டுனாத்தான் எனக்குத் திருநாளே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனை வைத்ததும், "யாரும்மா டிவி ஸ்டாண்டுகிட்ட வந்தது?" என்று கேட்டேன். டிபன் பாக்ஸை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். கிறிஸ்துமஸ் அன்று ராஜாக்கள் வீட்டின் தூரத்து மூலையிலிருந்து புறப்படுவார்களாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, குடிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்களாம். அதுவரை குடிலைக் கலைக்க மாட்டார்கள். சின்ன வயதிலிருந்தே அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த வேலை அது.

"இத ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"ரெண்டாந்தேதி உங்க அம்மா வச்ச வழக்கம்னு அவ்வளவு ஆசையாச் சொன்னீங்க. அதான் அத்தை."

"அப்பாகிட்டயாவது உள்ளதச் சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கள விட்டுக்கொடுக்க மனசு வரல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்று ராஜாக்களையும் பாதி வழியில் பிடித்துப் பெட்டிக்குள் அடைத்தவள் நான். வந்து ஆறு மாதம்கூட ஆகாத இந்தப் பெண், என் மரியாதைக்காகப் பெற்ற அப்பாவிடமே பொய் சொல்லியிருக்கிறாள்.

அவள் ஆபீஸ் கிளம்பியதும் வீட்டுக்காரரை ஏணி பிடிக்கச் சொன்னேன். "இறக்குன ஸ்டார ஏத்த எந்தக் கோர்ட்டுல ஆர்டர் வாங்குன?" என்று கேலி பண்ணினார். எதிர்வீட்டுப் பெண், "என்னக்கா, அடுத்த கிறிஸ்துமஸுக்கு இப்பவேவா?" என்றாள். "எங்க வீட்டுக்கு இன்னும் மூணு பேர் வரவேண்டியிருக்கு" என்றேன். முடிவு செய்துவிட்டால் எனக்குத் தயக்கமே கிடையாது.

போனில் இருந்த போட்டோவைப் பார்த்துப் பார்த்துக் குடிலைத் திரும்பக் கட்டினேன். மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான். கடைசியாக ராஜாக்களை எடுத்து டிவி ஸ்டாண்டில் நிறுத்தினேன். அவள் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது.

சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"அத்தை, ஒட்டகம் ஊருக்குத் திரும்பிப் போகுது" என்று அதைக் குடில் பக்கம் திருப்பி வைத்தாள்.

ஆறாம் தேதி வீடியோ காலில் நான்தான் போனைப் பிடித்துக்கொண்டேன். ராஜாக்கள் குடிலுக்குள் போனதும் அவள் அப்பா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

இப்போது எங்கள் வீட்டில் ஆறாம் தேதி ஜெபம் முடிந்துதான் ஸ்டார் இறங்கும். ராஜாக்கள் புறப்படும் இடமும் மாறிவிட்டது. "அன்னைக்கு அங்க இருந்துதானே வந்தாக" என்று மருமகள் குறும்பாகச் சொன்னதிலிருந்து, ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையும் நானே ஏணி போட்டு அவர்களைப் பரண் விளிம்பில் நிறுத்துகிறேன். அங்கே ஏறும்போதெல்லாம் அவள் அன்று சொன்ன அந்த "சரிங்கத்தை" என் காதில் விழுகிறது, அதனாலேயே இப்போதெல்லாம் எதை எடுத்து வைப்பதற்கு முன்பும், "இது இன்னும் யாருக்காவது வேணுமா?" என்று ஒரு தடவை கேட்டுவிடுகிறேன்.