அம்பலத்துச் சுவருக்கு அடித்த வெள்ளை

பிள்ளைகளே, பன்விலைக்குப் போகும் வழியில் இருக்கிற பழைய மண்டபத்தின் மூலையில் உள்ளங்கை அளவுக்கு மட்டும் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டீர்கள். அது நான் அடித்த வெள்ளை.

அந்த மண்டபத்துக்கு அம்பலம் என்று பெயர். பஸ் இல்லாத காலத்தில் கண்டிக்கு நடந்து போனவர்கள் இளைப்பாறக் கட்டியது. இப்போது அரசாங்கம் பாதுகாக்கிற கட்டடம். உங்களில் பெரியவள் கைக்குழந்தையாக இருந்தபோது நான் அங்கே காவலுக்குச் சேர்ந்தேன். தற்காலிக வேலைதான். கண்டியிலிருந்து ஒரு பெண் அதிகாரி, நோனா என்போம், வந்து பார்ப்பார், அவருக்குத் திருப்தி என்றால் வேலை நிலைக்கும் என்றார்கள். தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்த எனக்கு வேறு பிழைப்பு இல்லை.

நோனா வருகிற நாள் தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் அமைந்தது. பொங்கலுக்கு தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவைக்கூட வெள்ளையடிக்காமல் விடுவோமா நாம்? அம்பலத்தின் சுவரோ மங்கிப்போய், ஏதோ காவிக் கிறுக்கலோடு கிடந்தது. பார்த்தால் என்னைச் சோம்பேறி என்பாரே என்று பயந்து, சுண்ணாம்பு கரைத்து, கொஞ்சம் நீலமும் கலந்து, அவர் வருவதற்கு முந்தின நாளே முழுச் சுவரையும் அடித்து முடித்தேன்.

வந்த நோனா சுவரைப் பார்த்ததும் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"யார் அடிக்கச் சொன்னது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"யாரும் சொல்லல நோனா. பொங்கல் வருது, அதான்."

நான் கிறுக்கல் என்று நினைத்தது பழைய பூக்கொடிச் சித்திரமாம். அதைக் காக்கத்தான் காவலே போட்டிருந்தார்களாம்.

அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். "நல்லவேளை, பெயின்ட் இல்லை. சுண்ணாம்பு இன்னும் இறுகவில்லை. மெதுவாகக் கழுவினால் வரும். அவசரப்பட்டால் பூவும் போய்விடும்."

நானே கழுவுகிறேன் என்று கெஞ்சினேன். ஈரப் பஞ்சைப் பிடிக்கும் விதத்தைக் காட்டிக்கொடுத்தார்.

வீட்டில் உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

"அடுப்படிச் செவத்த அடிங்கன்னு மூணு வாரமா கத்துறேன். அத விட்டுட்டு ஊர்ச் செவத்த அடிச்சிருக்கீங்க," என்றாள். விடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள்.

நான் தேய்ப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "தள்ளுங்க. இது செடியக் கவ்வாத்து வெட்டுற கைக்கு ஆகாது. கொழுந்து எடுத்த கை வேணும்."

நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். அவள் விரல் நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். மத்தியானத்துக்குள் ஓர் இலை தெரிந்தது. நான்காம் நாள் கொடி முழுதும் வந்துவிட்டது. மூலையில் கொஞ்சம் மிச்சமிருந்தபோது நோனா வந்து, போதும் என்று தடுத்தார்.

"அது இருக்கட்டும். இதுவும் இந்தச் சுவருக்கு நடந்ததுதானே."

நடந்ததை மறைக்காமல் எழுதிய அறிக்கையை எனக்கு வாசித்துக் காட்டினார். தவறு செய்தவர் இவர், திருத்தியவர்கள் இவரும் இவர் மனைவியும், இவரே காவலில் இருக்கட்டும் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் அம்மாவுக்குச் சிங்களம் அவ்வளவாகப் புரியாது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேலை இருக்கு," என்றேன். நிம்மதியில் அப்படியே சுவரில் சாய்ந்தேன்.

"இருக்கணும்னா மொதல்ல செவத்துல சாயாதீங்க," என்றாள்.