மே மாதத்தில் ஒரு ஸ்வெட்டர்

பாச்சை உருண்டையின் வாசனை எங்கிருந்தாவது வந்தால் எனக்கு உடனே ஊட்டி நினைவுக்கு வந்துவிடும். நான் இன்றுவரை ஊட்டிக்குப் போனதில்லை என்பது வேறு விஷயம். ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில், மே மாதத்து வெயிலில் சுவரே வியர்த்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், ஊட்டிப் பயணத்துக்கென்று அப்பா யாரிடமோ இரவல் வாங்கிவந்த கம்பளி ஸ்வெட்டர்கள் அந்த வாசனையோடுதான் வந்து இறங்கின. எனக்கு வந்தது பழுப்பு நிறம், கை இரண்டு விரற்கடை அதிக நீளம். அதை அன்றே போட்டுக்கொண்டவன், குளிக்கும் நேரம் தவிரக் கழற்றவில்லை. ஜன்னலைத் திறந்தால் சரக்கு ரயில் தெரியும் வீட்டில் வளர்ந்தும், ஆள் ஏறும் ரயிலில் அதுவரை ஏறியிராதவன் நான். பல் வைத்த சக்கரத்தில் மலை ஏறும் ரயிலைப் பற்றித் தெருவில் எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தேன். போகாமலே இருந்துவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

அப்பா துறைமுகத்தின் சிக்னல் நிலையத்தில் கொடி ஏற்றுகிறவர். எந்தக் கப்பல் எந்தக் கொடி காட்டினால் எந்தக் கொடியால் பதில் சொல்ல வேண்டும் என்பதிலேயே வாழ்ந்தவர். விதியில் இருப்பதை உடனே செய்துவிட வேண்டும், இல்லாததைச் செய்யவே கூடாது என்பது அவர் கொள்கை. பின்னாளில் நானும் அரசு அலுவலகம் ஒன்றில் விதிப்புத்தகங்களோடு குடித்தனம் நடத்தி ஓய்வுபெற்றதால் சொல்கிறேன், இதில் முதல் பாதி ஆபத்தானது. ஏன் என்று பிறகு தெரியும்.

புறப்படுவதற்குச் சில நாள் முன்பு தம்பி லூர்துவுக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்றரை வயது, பல் முளைக்கும் பருவம், அதனால் பல் காய்ச்சல் என்று அம்மா முடிவு செய்தாள். உடம்பு அனலாகக் கொதித்தாலும் மூன்று நாள் அப்படியே போயிற்று. புறப்படும் நாள் காலையில் பார்த்தால் காய்ச்சல் சுத்தமாக இல்லை. அம்மா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அவன் சட்டையைக் கழற்றினாள். மார்பிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள்.

அந்த நேரம் பார்த்து காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு படியேறி வந்தவள் அஞ்சலை. வாசற்படியில் நின்று பிள்ளையைப் பார்த்தவள், கூடையை இறக்காமலே இரண்டு படி பின்னால் இறங்கினாள்.

“ஆத்தா வந்துகீறா அக்கா. வூட்ட வுட்டு ஒருத்தரும் எங்கியும் போவக் கூடாது. மீனு வோணாம், நான் கெளம்பறேன்.”

விசாரணை இல்லை, சாட்சி இல்லை, மேல்முறையீடு இல்லை. என் பணிக்காலம் முழுவதும் இத்தனை வேகமான உத்தரவை நான் கண்டதில்லை. நாங்கள் கோயில் மணிக்கு எழுகிற கத்தோலிக்கக் குடும்பம்தான். ஆனால் அம்மை என்று வந்துவிட்டால் எங்கள் தெருவில் மதம் பார்ப்பதில்லை. வாசலில் வேப்பிலை செருகப்பட்டது, தாளிப்பு நின்றது, மருந்தோ டாக்டரோ கூடாது என்றாயிற்று. அம்மா மாதாவுக்கும் ஆத்தாவுக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டாள்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு சென்ட்ரலுக்குப் போனார். பயணம் ரத்தானால் டிக்கெட்டைத் தாமதமில்லாமல் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. மதியத்துக்குள் தந்துவிட்டு வந்துவிட்டார். விடுப்பை ரத்து செய்யலாம் என்றால், அதற்குக் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியே விடுப்பில் இருந்தார். ஆக, ரயில் போய்விட்டது, விடுமுறை மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

நான் ஸ்வெட்டரோடு மூலையில் உட்கார்ந்து அழுதேன். வியர்வை எது கண்ணீர் எது என்று பிரிக்க முடியாத அழுகை.

கீழ்வீட்டு ரஹீம் பாய்க்கு வண்ணாரப்பேட்டையில் இரும்புச் சாமான் கடை. அம்மை கண்ட வீட்டுக்குள் யாரும் வரக் கூடாது, ஆனால் பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே என்று அவர் ஒரு வழி செய்தார். பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கச் சொன்னார். இளநீர், நுங்கு, ரஸ்க் எல்லாம் அதில் ஏறி வந்தன. வெளித்துறையில் நங்கூரமிட்ட கப்பலுக்குப் படகில் சாமான் கொண்டுபோவார்களே, அது போல. ஒவ்வொரு முறையும் கீழே நின்று குரல் கொடுப்பார்: “கேப்டன், சரக்கு வந்துகீது, தூக்கிக்கோ.” கேப்டன் என்றது என்னை. மறுநாள் அஞ்சலையும் தன் பங்குக்கு மோர் கொண்டுவந்து கூடையில் வைத்துவிட்டு, என் ஸ்வெட்டரை அண்ணாந்து பார்த்து, “இன்னாடா நைனா, ஆத்தா உனக்குக் குளிர வெச்சிட்டாளா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இதற்கிடையில் ஆத்தா வந்ததாகச் சொல்லப்பட்டவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்றால், கட்டிவைத்த பெட்டிமேல் ஏறிக் குதித்து, என் ரஸ்க்கையும் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தான். அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் காட்டலாமா என்று மெல்லக் கேட்டார். அம்மா வேப்பிலையைச் சரிசெய்தாள். அப்பா சண்டை போடத் தெரியாதவர். உள்ளே போய் அம்மாவின் பழைய மஞ்சள் சேலையில் ஒரு சதுரம் கிழித்து, துணி காயப்போடும் மூங்கிலில் கட்டி, பால்கனியில் ஏற்றிவிட்டார்.

வெளிநாட்டிலிருந்து வரும் கப்பல், துறைமுகத்துக்குள் நுழையுமுன் மஞ்சள் கொடி ஏற்றி நிற்கும். எங்களிடம் நோய் இல்லை, சோதித்து உள்ளே விடுங்கள் என்று பொருள். துறைமுக டாக்டர் விசைப்படகில் போய்ப் பார்த்துச் சொன்ன பிறகுதான் கொடி இறங்கும்.

“டாக்டர் வந்து பாக்காம இத எறக்க எனக்கு அதிகாரம் இல்ல,” என்றார் அப்பா, அம்மாவைப் பார்க்காமல்.

எங்கள் தெரு துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களின் பாதை. பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே போய் அங்கே சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர் துறைமுக டாக்டரேதான். மஞ்சள் கொடி பறக்கும் இடத்துக்குப் போவது அவர் வேலை. வேப்பிலைக்கு முன்னால் செருப்பைக் கழற்றி ஒரு நொடி நின்றுவிட்டு உள்ளே வந்தார். அதிலேயே அம்மா பாதி இறங்கி வந்துவிட்டாள்.

“கப்பல்ல எத்தனை பேர்?” என்று கேட்டார்.

“நாலு பேர் சார்,” என்று அப்பா விறைப்பாக நின்று சொன்னார்.

“எலி உண்டா?”

“வாடகை வீடு சார். உண்டு.”

லூர்துவைப் புரட்டிப் பார்த்தார், அம்மாவிடம் காய்ச்சலின் கதையைக் கேட்டார். “இது அம்மை இல்லம்மா. மூணு நாள் காய்ச்சல் அடிச்சு, விட்டப்புறம் தடிப்பு வந்திருக்கு. குழந்தைக்குச் சரியாயிடுச்சுன்னு உடம்பே சொல்ற சேதி.”

அதாவது அவன் குணமான அன்றுதான் நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தோம்.

அம்மா தம்பிக்குச் சட்டையை மாட்டிவிட்டாள். “அப்போ ரயிலுக்குப் போயிருக்கலாமா?” என்றாள்.

“தாராளமா.”

அப்பா உத்தரத்தைப் பார்த்தார். அடுத்த மாதம் வரை ரயிலில் வேறு இடம் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். நான் மூலையில் மறுபடி ஆரம்பித்தேன். அந்த வெக்கையில் கம்பளிக்குள் விம்முகிற பையனை டாக்டர் கவனித்து, விவரம் கேட்டு, ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “காலைல வெளித்துறைல ஒரு கப்பலைப் பாக்கப் போறேன். பசங்களக் கூட்டிட்டு வா. தம்பி, ஸ்வெட்டரக் கழட்டாத, கடல்ல காத்து அடிக்கும்.”

எந்த விதியின் கீழ் அவர் எங்களை ஏற்றிக்கொண்டார் என்று பல வருஷம் தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை. கிடைக்காமலே இருக்கட்டும்.

மறுநாள் விடியற்காலையில் அம்மா, எதற்கும் இருக்கட்டும் என்று வேப்பிலைத் தண்ணீரைத் தம்பியின் தலையில் ஊற்றிய பிறகே அனுப்பினாள். விசைப்படகு அலைதாங்கிச் சுவரைத் தாண்டியதும் கடல் எங்களைத் தூக்கிப் போட ஆரம்பித்தது. வாரமெல்லாம் நோயாளியாக இருந்தவன் அப்பாவின் தோளில் நிம்மதியாகத் தூங்கினான். வீட்டிலேயே திடகாத்திரமான நான், ஸ்வெட்டரோடு படகின் விளிம்பில் தொங்கி, ரஹீம் பாயின் சரக்கு அத்தனையையும் வங்காள விரிகுடாவுக்குத் தந்தேன். இடையில் ஒருமுறை நிமிர்ந்தேன். கப்பலின் பக்கச் சுவர் எங்களுக்கு மேலே மலையாகவே நின்றது. அதன் உச்சியில் ஒரு சின்ன மஞ்சள் துணி. தெருவில் இனி மலை ரயில் யாருக்கு வேண்டும்? கரைக்குத் திரும்பிய கேப்டன் ஒரு மாதம் வரை கடலைப் பற்றியே பேசினான். அஞ்சலை மட்டும் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை: “ஆத்தா வந்தா, டாக்டரு வராருன்னு கேட்டா, போய்கினா.”

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. கப்பல்கள் அனுமதியைக் கணினியிலேயே கேட்டு வாங்கிக்கொண்டு வருகின்றன. பால்கனியிலிருந்து கூடை இறக்கினால் வாங்கி நிரப்பக் கீழே ஆள் இல்லை. நாங்கள் இருப்பது திருவொற்றியூரில், ஒன்பதாவது மாடி.

போன மாதம் என் பேத்திக்கு, ஊட்டிக்குப் புறப்படும் முன்தினம் காய்ச்சல். மகள் போனிலேயே எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. இரண்டு நாளில் பிள்ளை ஓடியாடத் தொடங்கினாள், முகம் மட்டும் தொங்கியே இருந்தது. நான் ஒரு மஞ்சள் துண்டை எடுத்து, அவளையே பிடிக்கச் சொல்லி, பால்கனிக் கம்பியில் கட்டினேன். யாராவது வருவார்கள் பார் என்றேன். காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் இண்டர்காம் ஒலித்தது. அவள்தான் ஓடிப்போய் எடுத்தாள். கீழே காவலாளி. பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்பது குடியிருப்போர் சங்கத்தின் விதியாம்.

விதி சரிதான். அதை எழுதிக் கொடுத்ததே நான்தான்.