வேறு ஆலையில் தைத்த பூட்ஸ்

ஜெயகணேஷ் அண்ணன் பார்த்து அனுப்பிய பேப்பர் கஸ்டம்ஸிலிருந்து திரும்பி வந்ததே கிடையாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்கு அனுமதி வாங்கிக் கொடுப்பதுதான் எங்கள் ஆபீஸ் வேலை. பதினெட்டு வருடமாக அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். ஒரு எழுத்து பிசகினாலும் மனிதர் வள்ளென்று விழுவார். "ஏளா மெட்டில்டா, இது என்ன மளிகைக்கடைச் சீட்டா?" என்பார். அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு தடவைதான் பேப்பரைச் சரியாகப் பார்க்கவில்லை. அது அவருக்கு மகன் பிறந்த அன்று.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. அவர் மனைவி இந்துமதிக்கு இருப்பது ஒரே அண்ணன், வன்னியபெருமாள். அப்பா அம்மா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தவர். துறைமுகம் போகிற ரோட்டில் ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் விற்கிற கடை வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து, பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாராம். அழுகை நின்றதும் செல்போனில் ஒரு படத்தைக் காட்டியிருக்கிறார்.

வெளிநாட்டிலிருந்து முதல் தடவையாகத் தானே பூட்ஸ் இறக்கப் போகிறார். இரும்பு விழுந்தாலும் விரலைக் காப்பாற்றுகிற பூட்ஸ். அதற்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாவிட்டால் நாட்டுக்குள் விட மாட்டார்கள். முத்திரை போட அந்த வெளிநாட்டுக் கம்பெனி வாங்கிய லைசன்ஸின் படம்தான் அது.

"மாப்ள, இது சரியா இருக்கான்னு ஒரு பார்வ பாரும்."

நம்பர் இருந்தது, தேதியும் முடியவில்லை. "சரியா இருக்கு மச்சான், ஆர்டர் போடுங்க" என்று ஜெயகணேஷ் அண்ணன் சொல்லிவிட்டார். வேறு பார்ட்டி கேட்டிருந்தால் ஆபீசுக்கு வரவழைத்து, சரக்கை எந்த ஆலையில் தைக்கிறார்கள் என்று எழுதி வாங்கியிருப்பார். கூடப் பிறந்தவளின் புருஷன் சரி என்ற பிறகு வன்னியபெருமாளும் யாரைப் போய்க் கேட்பார்?

நாலு மாதம் கழித்துக் கன்டெய்னர் வந்தது. பேப்பரைப் பிரித்த ஜெயகணேஷ் அண்ணன் அதை இரண்டு தடவை படித்தார். லைசன்ஸில் ஒரு ஊர், பெட்டியில் இன்னொரு ஊர். அந்தக் கம்பெனிக்கு ஆலை இரண்டு. ஒன்றில் வேலை நெருக்கடி என்று மற்றதில் தைத்து அனுப்பிவிட்டான் படுபாவி. முத்திரை உரிமை எந்த ஆலைக்குக் கொடுத்ததோ அதற்கு மட்டும்தான். அடுத்த ஆலையில் தைத்ததில் அதே முத்திரை இருந்தால், சட்டப்படி அது கள்ள முத்திரை.

மறுநாள் வன்னியபெருமாள் ஆபீசுக்கே வந்துவிட்டார். "மாப்ள, பெட்டியில உள்ள அட்ரஸ் ஸ்டிக்கரத்தான மாத்தணும்? கஸ்டம்ஸ்ல ஒமக்குத் தெரியாத ஆளா?"

"முடியாது மச்சான்."

"நீரு சொல்லித்தான ஆர்டர் போட்டேன்?"

அண்ணன் ஃபைலை விட்டு நிமிரவில்லை. "ரூல் ரூல்தான்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. ஸ்டிக்கரை மாற்றச் சொல்லவில்லை நான். இரும்புக்கட்டு விழுந்து நசுங்கிய ஒரு லோடுமேனின் காலை அண்ணன் மடியில் ஏந்தி வண்டியில் கொண்டுபோனது எனக்கும் தெரியும். ஆனாலும் மச்சானை ஏறிட்டுப் பார்த்து ஒரு வார்த்தை பேசக் கூடாதா?

வன்னியபெருமாள் இரண்டு ஜோடியை லேபுக்கு அனுப்பினார். எல்லாச் சோதனையிலும் தேறின. அதனால் என்ன? திருப்பி அனுப்பு, இல்லையென்றால் அழி என்று கஸ்டம்ஸிலிருந்து ஆர்டர் வந்தது. கம்பெனிக்காரன் திருப்பி எடுக்க மாட்டேன் என்று கையை விரித்துவிட்டான். துறைமுக யார்டில் வன்னியபெருமாள் கண்ணெதிரே மெஷினில் கொடுத்து அத்தனையையும் அறுத்தார்கள். கடைசி ஜோடி வரைக்கும் அவர் வெயிலிலேயே நின்றார். அடுத்த மாதம் கடையைப் பூட்டிவிட்டு இன்னொருத்தன் கடையில் வேலைக்குப் போனார். தங்கை போன் பண்ணினால் எடுப்பதில்லை.

பிள்ளைக்கு ஒரு வயது முடிந்து, சாஸ்தா கோயிலில் காதுகுத்து வைத்தார்கள்; நானும் போயிருந்தேன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். வேறு யார் மடியும் வேண்டாம் என்று பிடிவாதமாகப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்துமதி ரோட்டையே பார்த்து நின்றாள். பதினொரு மணிக்கு மேல் வன்னியபெருமாள் பைக்கில் வந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மடியில் வாங்கிக்கொண்டார். வீறிட்ட பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, "முடிஞ்சிட்டுல, முடிஞ்சிட்டு" என்று தேற்றினார். கழுத்தில் சங்கிலி போட்டார். பிறகு பிள்ளையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் பைக்கைப் பார்த்து நடந்தார்.

ஜெயகணேஷ் அண்ணன் குறுக்கே போனார். "மச்சான், ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

வன்னியபெருமாள் அவரைப் பார்க்காமல் தங்கையிடம் சொன்னார்: "ஏளா இந்து, எம் மருமவனுக்கு ஒண்ணுன்னா எப்பவும் வருவேன். இந்தப் பந்தியில என்னைய ஒக்காரச் சொல்லாத."

பைக் கிளம்பியது. இந்துமதி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "ஸ்டிக்கர மாத்தலங்கறதுக்கா எங்கண்ணனுக்குக் கோவம்? தப்பு என்னுதுதான்னு அவன்ட்ட ஒரு தடவையாவது சொன்னியளா?"

ஜெயகணேஷ் அண்ணன் செருப்புக்கூட இல்லாமல் சுடுமணலில் ஓடினார். "மச்சான், தப்பு என்னுதுதான் மச்சான்!" என்று கத்தினார். பந்தியில் இருந்த அத்தனை பேரும் கையை இலையில் வைத்தபடி திரும்பிப் பார்த்தார்கள். பைக் அதற்குள் மெயின் ரோடு ஏறிவிட்டது.